மூச்சு இல்லாத கீரை

"இதுல மூச்சு இல்ல" என்று கிண்ணத்தைத் தள்ளி வைத்தார் மூன்றாம் மேசைக்காரர்.

வக்தி கரண்டியும் கையுமாக நின்றார். கடை திறந்து பதினோராவது நாள். இதே புகாரைச் சொல்லும் ஒன்பதாவது ஆள் இவர்.

"முயல் சாறு, நெய், பூண்டு, மல்லி... எல்லாம் போட்டிருக்கேன், ஹாஜி."

"போட்டிருப்பே. தாளிச்சுக் கொட்டும்போது யாரு மூச்சை இழுத்தது?"

"யாரும் இழுக்கல."

"அதான் பார்த்தேன்." ஹாஜி ரொட்டியை மட்டும் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கெய்ரோவில் முலுக்கியாக் கீரை சமைக்கிறவர்கள், கொதிக்கும் பானையில் தாளிப்பைக் கொட்டும் நொடியில் 'ஹா!' என்று மூச்சை உள்ளே இழுத்தாக வேண்டும். இழுக்காவிட்டால் ருசி இறங்காது. ஏன் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

வக்தி நீர்ப்பாசன இலாகாவில் பத்தொன்பது வருடம் கோப்பு பார்த்தவர். விடியற்காலையில் சமைப்பது அவருடைய பொழுதுபோக்கு. அவர் கொண்டுபோகும் முலுக்கியாவை மதியத்துக்குள் இலாகாவே காலி செய்துவிடும். "இந்தக் கையை வச்சுக்கிட்டு கோப்பு பார்க்கிறியே, பாவம்யா!" என்று பக்கத்து மேசை ஹசனைன் தினமும் உசுப்பேற்றினார். கடைசியில் வக்தி சம்பளமில்லா விடுப்பு எடுத்தார். மனைவி இன்ஷிராஹின் வளையல்களை விற்று, ஷுப்ரா பேட்டையில் ஆறு மேசை போட்டுக் கடை திறந்தார். உரிமம் வாங்குவதிலேயே முக்கால்வாசி விடுப்பு கரைந்தது. அடுத்த வியாழக்கிழமை ஒன்று இலாகாவில் மறுபடி வேலைக்குச் சேர வேண்டும், அல்லது ராஜினாமா கொடுக்க வேண்டும்.

மறுநாள் அவரே மூச்சை இழுத்தார். பூண்டுப் புகை மொத்தமும் உள்ளே போயிற்று. கண் பிதுங்கி, இருமி, அடுப்படியில் உட்கார்ந்துவிட்டார். நான்கு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டுபோய் வாசலில் கிடத்தினார்கள். முலுக்கியாக் கடைக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி. துக்கம் விசாரிக்க இருபது பேர் வந்தார்கள். துக்க வீட்டில் எப்படிச் சாப்பிடுவது என்று ஒருவரும் சாப்பிடவில்லை.

அதற்கடுத்த நாள் பாத்திரம் கழுவும் உம் ரிதாவைக் கூப்பிட்டார்.

"உங்களுக்கு மூச்சு இழுக்க வருமா?"

"என்ன உஸ்தாஸ் இப்படிக் கேட்டுட்டீங்க? எங்க தெருவுல என்னை விட்டா யாரு?"

உம் ரிதா அந்த வட்டாரக் கல்யாணங்களில் குலவை போடுகிறவள். வக்தி தாளிப்பைக் கொட்டினார், அவள் மூச்சு ஒழுங்காகத்தான் உள்ளே போனது. வெளியே வரும்போது பழக்கதோஷத்தில் குலவையாக வந்தது. இரண்டு தெரு தள்ளிக் கேட்டது.

"மப்ரூக்! பொண்ணு எங்க?" என்று வாழ்த்திக்கொண்டே கூட்டம் உள்ளே நுழைந்தது.

"பொண்ணும் இல்ல, மாப்பிள்ளையும் இல்ல. கீரைதான்!"

"நேத்து சாவு, இன்னிக்குக் கல்யாணமா? சரி, சர்பத்தாவது எடு."

சர்பத் கொடுக்காமல் அவர்களை அனுப்ப முடியவில்லை. கீரை அப்படியே இருந்தது.

அன்று வீட்டுக்குப் போனதும் மனைவி எதிரில் உட்கார்ந்தார் வக்தி.

"இன்ஷிராஹ், வீட்டுல தாளிக்கிற நேரம் பார்த்து என்னை ரொட்டி வாங்க அனுப்புவியே... அப்போ மூச்சு இழுத்தது நீதானே?"



"ஆமா. நான்தான்."

"கடைக்கு வந்து இழும்மா. இல்லேன்னா வியாழக்கிழமை நான் மறுபடியும் கோப்புக்கே போகணும். உன் வளையலும் போச்சு."

"வர்றேன். ஆனா யாராவது பார்த்துக்கிட்டு இருந்தா எனக்கு மூச்சு வராது. நீங்க வெளிய போயிடணும்."

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். வக்தி சமைத்து இறக்கினார். தாளிப்புக் கரண்டியை வாங்கிக்கொண்டு, அவரை வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டாள். அரைமணி நேரம் கழித்து உள்ளேயிருந்து 'ஹா!' என்று கேட்டது.

"ஒரு மூச்சுக்கு அரைமணி நேரமா?"

"மூச்சு சேர வேண்டாமா?" என்றாள் அவள், முகத்தைத் துடைத்துக்கொண்டே.

அன்று ஒரு கிண்ணமும் மிச்சத்தோடு திரும்பவில்லை. மூன்றாம் மேசை ஹாஜி மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். செவ்வாய்க்கிழமை கசாப்புக்கடை வரைக்கும் வரிசை நின்றது. புதன்கிழமை இலாகாவே திரண்டு வந்தது.

"அதே ருசிய்யா! எண்ணி எட்டு வருஷம் சாப்பிட்ட அதே ருசி!" என்று ஹசனைன் விரலை நக்கினார்.

வியாழக்கிழமை காலை வக்தி ராஜினாமாக் கடிதத்தை நீட்டியபோது அதை வாங்கியவரும் அதே ஹசனைன்தான்.

"நல்லா யோசிச்சியா? கொடுத்துட்டா திரும்ப எடுக்க முடியாது."

"மூச்சு அவளோடதுதான், ஒத்துக்கிறேன். ஆனா கை என்னோடது இல்லையா? முத்திரையைக் குத்துய்யா."

ஹசனைன் குத்தினார்.

ஒரு தட்டு பஸ்பூசா வாங்கிக்கொண்டு வக்தி கடைக்குத் திரும்பினார். இன்ஷிராஹ் இன்னும் வரவில்லை. பின்கட்டில் உம் ரிதா முழங்கை வரை கையை விட்டுச் சாக்கடையைக் குத்திக்கொண்டிருந்தாள்.

"கையைக் கழுவிட்டு இனிப்பு எடுங்க உம் ரிதா! வேலையை விட்டாச்சு. இனிமே சாகற வரைக்கும் இந்த அடுப்புதான்."

"மப்ரூக், உஸ்தாஸ்!" என்று நிமிர்ந்தாள் அவள். "அப்படின்னா ஒரே ஒரு உபகாரம். நாளையிலிருந்து சின்னப் பானையில சமைங்க. உங்க கீரை மொத்தத்தையும் மேடம் இதுல கொட்டிட்டுப் புதுசா சமைக்கிறதுல, சாக்கடை தினமும் அடைச்சுக்குது."