எனக்காக நான் காத்திருந்த ஆயுத பூஜை

தொலைக்காட்சியில் யாருக்கும் வயதாவதில்லை. இந்த உண்மை தெரியாமல் நான் மீசை வளர்த்துவிட்டேன்.

ஆறு வயதில் ஒரு படத்தில், ஆஸ்பத்திரி வாசலில் நின்று "எங்கம்மா தூங்குறாங்களா?" என்று கேட்டு ஊரையே அழவைத்த பையன் நான்தான். (குரல் என்னுடையதல்ல. டப்பிங் பேசியவர் நாற்பது வயது அம்மணி.) அப்புறம் வளர்ந்து தொலைத்ததால் வாய்ப்பு நின்றுபோயிற்று. இரண்டாயிரத்துகளின் தொடக்கத்தில் எனக்கு இருபத்து நான்கு வயது. பெரியவனாக ஒரே ஒரு வேஷம் கிடைக்காதா என்று தவம் கிடந்தேன்.

அப்போதுதான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்புத் தொழிற்சாலையிலிருந்து, ஆயுத பூஜைக்குச் சிறப்பு விருந்தினராக வரச் சொல்லி போன் வந்தது. எடுத்த அம்மா, "அனுப்பி வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். அந்த முதலாளி சினிமா எடுக்கப் போவதாக எனக்குக் கேள்வி. அவர் கண்ணுக்குப் பெரிய மனிதனாகத் தெரிய வேண்டும் என்று அப்பாவின் சஃபாரி சூட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். (என் மூளை வேலை செய்யும் அழகு அப்படி.)

புதுவாயல் கூட்டுரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். பூஜைக் கமிட்டித் தலைவர் முனுசாமி பைக்கோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் பார்த்தார். பிறகு என் இடுப்பு உயரத்தில் தேடினார்.

"போன ஞாயித்துக்கெழமதான் டிவில படம் பாத்தோம் சார். ஊட்ல எல்லாம் ஒரே அழுவ. பையன் எங்க?"

சிரித்துவிட்டு விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். "வருவான்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பது இன்றுவரை எனக்கே புரியவில்லை.

தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்திருந்தார்கள். மேடையில் ஒரு குட்டி நாற்காலி, அதன் மேல் குட்டி மாலை. பக்கத்திலிருந்த பெரிய நாற்காலி பையனின் அப்பாவுக்காம். உட்கார்ந்தேன். எல்லோரும் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்ததால் நானும் பார்த்தேன்.

அங்கே வேலை செய்யும் செல்வி அக்கா பொரி கடலையோடு வந்தார். "புள்ளய யாரு கூட்டினு வராங்க? தனியா வுட்டுட்டா வந்த? நீ இன்னா அப்பா சார்?"

எனக்குக் குற்ற உணர்ச்சியே வந்துவிட்டது. அத்தனை லாரி போகிற ரோட்டில் ஒரு சின்னப் பையனைத் தனியாக விடலாமா?

இனி தாங்காது என்று எழுந்து, "அந்தப் பையன் நான்தான்கா" என்றேன். அவர் நம்பவில்லை. நிரூபிப்பதற்காக ஆஸ்பத்திரி வசனத்தை உருகி உருகிப் பேசிக் காட்டினேன். என் கட்டைக் குரலில் அது கேஸ் சிலிண்டர் போட வந்தவர் விசாரிப்பது போல இருந்தது.

"புள்ள மேல அம்மாம் பாசம். அவன மாரியே பேசிக் காட்றாரு பாவம்" என்றார் முனுசாமி. செல்வி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நல்ல நேரம் முடிவதற்குள் முதலாளி வந்துவிட்டார். "பையன் வரலியா?"

"காய்ச்சல்" என்றேன். வாய்ப்பு போச்சே என்ற துக்கத்தில் குரல் நடுங்கி, கண் கலங்கிவிட்டது. முதலாளி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பூசணிக்காய் உடைத்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நம்ம படத்துல ஒரு அப்பா வேஷம் இருக்குது. நீங்களே பண்ணுங்களேன். இந்தக் கவல மூஞ்சி அப்டியே இருக்கட்டும்."

அந்த வேஷத்தில் எடுத்த நல்ல பெயர்தான் இன்றுவரை எனக்குச் சோறு போடுகிறது.

சில ஆண்டுகள் கழித்து, கையில் நாலைந்து படம் இருந்த நேரத்தில், அதே பூஜைக்கு மறுபடி கூப்பிட்டார்கள். இந்த முறை மாலை என் அளவுக்கே இருந்தது. மனைவியையும் அழைத்துப் போயிருந்தேன். பூரித்துப்போய் உட்கார்ந்திருக்கும்போது முனுசாமி மைக்கைப் பிடித்தார்.

"பையன் புண்ணியத்துல சான்ஸ் புட்சி வந்தவரு. இன்னிக்கு இவரும் ஏதோ நடிச்சிக்கினு கீறாரு. இன்னா இருந்தாலும் பையன் மாரி வராது."

கூட்டம் கைதட்டியது. என் மனைவிதான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினாள்.

இப்போதும் ஏதாவது வாய்ப்பு கைநழுவிப்போய் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், "பையன் கிட்ட ஒரு வார்த்த சொல்லிப் பாருங்களேன்" என்பாள். எங்களுக்கு இரண்டும் பெண் குழந்தைகள்.