உடம்புக்குத் தராசு இல்லை

விமானக் கம்பெனிக்கு எடைக்கூலி என்று ஒரு காசு கூடக் கொடுப்பதில்லை என்று கணக்கர் சபதம் எடுத்தபோது, அவர் மனைவி திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். தையல் மிஷின் நிற்கவில்லை. அந்த வீட்டில் சபதங்களுக்காக மிஷின் நிற்கும் வழக்கமில்லை.

கணக்கர் குடிநீர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். அலுவலக ஹாக்கி அணிக்கு அவர்தான் கோல்கீப்பர். ஓட முடியாதவரை வேறு எங்கே நிறுத்துவது? அவர் போய் நின்றால் பின்னால் இருக்கும் வலை தெரியாது. அப்படி நின்று நின்றே அணியை இறுதிப் போட்டிக்குக் கொண்டுவந்துவிட்டார். போட்டி வெளியூரில். மற்றவர்கள் ரயிலில் கிளம்பிவிட்டார்கள். லீவு தாமதமாகக் கிடைத்ததால் இவருக்கு விமானம். மட்டையை அங்கே யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் கால் பேடும் மார்புக் கவசமும் இவர் சுற்றளவுக்கு ஊரில் எவரிடமும் இல்லை.

போட்டி நடக்கும் அதே ஊரில் மனைவியின் தங்கை புது வீட்டுக்குக் குடிபோயிருந்தாள். அந்த வீடு முழுக்கத் திரைச்சீலை தைத்துக்கொண்டு மனைவியும் உடன் வருகிறாள்.

"உங்க மூட்டையும் என் திரையும் சேந்தா எடை தாண்டிடும். கம்பெனிக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்."

"கேட்டா கட்டுன்னு சொல்லுவான். கேக்காம இருந்தா எப்படிச் சொல்லுவான்?"

"அப்ப என் திரை?"

"உன் தங்கச்சியை ஜன்னலைச் சாத்தி வெச்சுக்கச் சொல்லு."

இப்போதுதான் மிஷின் நின்றது. கணக்கர் அதைக் கவனிக்கவில்லை. குளிக்கப் போய்விட்டார். பாதிக் குளியலில், தலை நிறைய சோப்பு நுரையோடு வெளியே வந்தார்.

"இந்தா பாரு. அவன் பெட்டியைத்தானே நிறுக்கிறான்? ஆளை நிறுக்கிறானா?"

"இல்ல."

"எல்லாத்தையும் நான் போட்டுக்கிட்டே ஏறிடறேன்."

"தலைக்குப் போடுறதுமா?"

"ஹெல்மெட்டு, கிளவுசு, எல்லாமே."

"நல்லா யோசிச்சீங்களா?"

"இதுக்கு மேல யோசிக்க என்ன இருக்கு?"

"சரிங்க" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரே பேச்சில் சரி சொன்னது அன்றுதான். விவரம் தெரிந்த கணவனாக இருந்தால் அந்த இடத்திலேயே பயந்திருப்பான்.

விமான நிலைய வாசலில் டாக்சி டிரைவர் அவரைப் பிரசவம் பார்ப்பதுபோலப் பார்த்துப் பார்த்து வெளியே எடுத்தார். முதலில் ஒரு கால், பிறகு இடுப்பு, கடைசியில் ஹெல்மெட். இறங்கி நடந்தபோது ஒரு மெத்தைக் கடையே எழுந்து போவதுபோல இருந்தது.

"நீ போய்ப் பெட்டியைப் போட்டுட்டு வா. நான் வந்தா சந்தேகப்படுவாங்க. இந்தத் தூணுக்குப் பின்னால மறைஞ்சுக்கறேன்."

தூண் ஒல்லி. இரண்டு பக்கமும் கணக்கர் தெரிந்தார். கவுண்டரில் இருந்த பெண் எட்டிப் பார்த்துக் கையசைத்தாள். மறைந்திருப்பவர் பதிலுக்குக் கிளவுசை அசைத்தார்.

பாதுகாப்புச் சோதனையில் ஒரு அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன சார் இது?"

"டிரஸ்."

"கழட்டுங்க."

கழற்றினார். தட்டுகள் போதாமல் அடுத்த வரிசையிலிருந்து கடன் வாங்கினார்கள். மறுபடி மாட்டிக்கொள்ள மூன்று பேர் உதவினார்கள். அவசரத்தில் ஒருவர் வலது பேடை இடது காலில் கட்டிவிட, கணக்கர் விமானம் வரை நண்டு மாதிரி போனார்.

இருக்கையில் உட்கார்ந்தார். முழங்கால் மட்டும் உட்கார மறுத்தது.

"சார், காலை மடக்குங்க" என்றாள் பணிப்பெண்.

"மடங்காதும்மா. பந்தையே தடுக்கிற கால்."

பக்கத்து இருக்கைக்காரர் வெகுநேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "விமானம் விழும்னு உங்களுக்கு ஏதாவது தகவல் வந்துதா சார்?"

போய் இறங்கியதும் கணக்கர் வியர்வையில் நனைந்து, மூச்சு வாங்கி, ஆனால் வெற்றியோடு நின்றார்.

"பாத்தியா? ஒரு காசு கட்டல."

"ஆமாங்க" என்றாள் மனைவி.

ஒரு ஊழியர் ஆள் நீளத்துக்கு ஒரு பையைத் தள்ளிக்கொண்டு நேராக இவரிடம் வந்தார். "கோல்கீப்பர் சார், உங்க கிட்டு."

"என் கிட்டு என் மேலதான்யா இருக்கு."

ஆனால் பை, வீட்டில் காலியாகக் கிடந்த அவருடைய ஹாக்கிப் பைதான். ஜிப்பைத் திறந்தார். கூடத்துத் திரை, படுக்கையறைத் திரை, சமையலறைத் திரை.

"விளையாட்டுப் பை ஒண்ணுக்குக் காசே கிடையாதாம். நேத்தே போன் போட்டுக் கேட்டேன்" என்றாள் மனைவி.

"அப்ப என்னை ஏன் இந்தக் கோலத்துல வரவிட்ட?"

"இதுக்கு மேல யோசிக்க ஒண்ணுமில்லேன்னீங்களே."

"திரையை விளையாட்டுச் சாமான்னு பொய் சொன்னியா?"

"நான் எங்கங்க வாயைத் திறந்தேன்? அந்தப் பொண்ணு பையைப் பாத்துச்சு. தூணைப் பாத்துச்சு. சீட்டை ஒட்டிடுச்சு."

கணக்கர் ஹெல்மெட்டைக் கழற்றினார். "போகட்டும். திரும்பும்போது பை காலி. கிட்டை அதுல போட்டுட்டு நான் மனுஷனா வர்றேன்."

"காலியா? பழைய வீட்டுப் பாத்திரத்தையெல்லாம் தங்கச்சி நமக்குத்தான் தர்றா."

"அதனால?"

"நீங்க மனுஷனா வந்தா பையை யாருங்க நம்புவாங்க?"