எனக்குக் கோபமே வராது, சாமி!

என் குணத்தைப் பற்றி நான் என்ன சொன்னாலும் நம்பாதீர்கள். அந்த விஷயத்தில் குருமடத்துப் பெரிய சாமியாரிடமே புளுகிய ஆள் நான்.

அப்போது எனக்கு வயது பத்தொன்பது. மாதா கோவில் சாமியாராகப் போகிறேன் என்று துள்ளிக்கொண்டிருந்தேன். தறியில் உட்கார்ந்தாலும் நான் பூசை வைப்பதாகவே கனவு. தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் ஆசீர்வாதம் கொடுத்துப் பழகினேன் (ஒரு எருமைக்கும் கொடுத்திருக்கிறேன்). ஆனால் சாமியார் படிப்புக்கான குருமடத்தில் சேர ஜெபம் தெரிந்தால் மட்டும் போதாது. பையனின் மனசு நிதானமானதா, குணம் எப்படி என்று பெரிய சாமியாரே பேசிப் பார்ப்பார். பிரான்சு தேசத்தவர். அவர் களம்பூரில் ரயிலிறங்கி மாட்டுவண்டியில் ஆரணிக்கு வந்துவிட்டார் என்றதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

கோவிலின் பின்னறையில் என்னை உட்காரவைத்தார். மறுநாள் பூசைக்கான உடுப்பு மேசைமேல் விரித்திருந்தது. கதவுக்கு வெளியே அம்மாவும், எனக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்த உபதேசியாரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

“உமக்கு நல்ல உறக்கம் உண்டா?”

“தூக்கமே கிடையாதுங்க சாமி. ராவெல்லாம் ஜெபம்தான்.” (என் குறட்டையைப் பற்றி அம்மாவைக் கேட்டிருக்க வேண்டும்.)

“பசி?”

“எப்பனா தோணுங்க.”

அவர் புருவம் சுருங்கியது. என் பக்தியைப் பார்த்து அசந்துபோனார் என்று நினைத்து எனக்கு இன்னும் உற்சாகம் பிறந்தது.

“கோபம் வருமோ?”

“எனக்கா? கோவமே வராதுங்க சாமி. கன்னத்துல அடிச்சாலும் சிரிச்சிகினு நிப்பேன்.”

“கர்வம்?”

“அது இன்னான்னே தெரியாதுங்க.”

அவர் உடுப்பை ஆசையாகத் தடவிக்கொண்டே, “இதுபோல் அசல் பட்டு உங்கள் ஊரில் நெய்வார்களோ?” என்றார்.

கேட்பது யாரிடம்? ஆரணிப் பட்டு நெசவுக்காரனிடம்! தொட்டுப் பார்த்தேன். நீளவாட்டில் பட்டு, குறுக்கே ஓடும் ஊடை வெறும் பருத்தி.

“இது அசல் பட்டு இல்லீங்க. ஊடை பூரா பருத்தி.”

“இல்லை, அசல் பட்டுதான். எங்கள் தேசத்தில் பெரிய கடையில் வாங்கியது.”

“அந்தக் கடைக்காரன் உங்களை நல்லா ஏமாத்திட்டான்! ஆரணிக்காரன்கிட்டயே பட்டைப் பத்திப் பேசறீங்களா?” நான் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தேன்.

எங்கள் தெருவில் சந்தேகம் வந்தால் ஒரு நூலைப் பிய்த்துக் கொளுத்துவோம். பட்டென்றால் மயிர் கருகிய நாற்றத்தோடு சுருண்டு அணைந்துவிடும். பருத்தியென்றால் எரிந்துகொண்டே போகும். ஓரத்திலிருந்து ஊடை நூலை உருவினேன். மாதா சுரூபத்தின் முன்னால் எரிந்த மெழுகுவர்த்தியை எடுத்து நுனியில் வைத்தேன். அவசரத்தில் நூலை அறுக்க மறந்துவிட்டேன்.

பருத்திதான். எரிந்துகொண்டே உடுப்புவரைக்கும் போனது.

“பாத்தீங்களா! பருத்தி! பருத்தி!” என்று நான் குதித்துக்கொண்டிருந்தேன். உபதேசியார் ஓடிவந்து ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினார். பாதி உடுப்பின்மேல் விழுந்தது, பாதி பெரிய சாமியார்மேல் விழுந்தது.

“அடப்பாவி, கோயிலயே கொளுத்திட்டியா!” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குருமடம் போச்சு! சின்னப் பிள்ளை மாதிரி ஓவென்று அழுதேன்.

பெரிய சாமியார் தாடியில் தண்ணீர் சொட்டச் சொட்டச் சிரித்தார். “தம்பி, உறக்கமில்லை, பசியில்லை என்றீர். உமக்குச் சித்தம் கலங்கிவிட்டதோ என்று பயந்தேன். பயமில்லை, உமது மனம் சுகமாகவே இருக்கிறது. ஆனால் உம்மைப் பற்றி ஒரு வார்த்தையும் உண்மையாகச் சொல்லவில்லை. துணியைப் பற்றி மட்டும் சொன்னீர். தறிக்கே திரும்பிப் போம். எனக்கு ஒரு உடுப்பு நெய்து அனுப்பும். ஊடையும் பட்டாக இருக்கட்டும்.”

நெய்து அனுப்பினேன். ஒவ்வொரு இழைக்கும் ஒரு பெருமூச்சு விட்டேன். அடுத்த தைக்குள் எனக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது.

இருபது வருஷம் ஓடிவிட்டது. குழம்பில் உப்பில்லை என்று வீடதிரக் கத்திவிட்டு, “எனக்கு ஒண்ணும் கோவமில்ல” என்று நான் சொன்னால் போதும், பிள்ளைகள் நாலும் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொள்ளும். அடுப்படியிலிருந்து என் பெண்டாட்டி பணிவாகக் கேட்பாள்:

“மெழுகுவத்தி எடுத்தாரட்டுங்களா, சாமி?”