ஆத்மநாதன் சாரும் அசையாத காதுகளும்

எல்லா ஊரிலும் உண்டு இந்த இனம். ஊரார் காதைப் பற்றி எல்லாம் தெரியும். தம் காதை மட்டும் பயன்படுத்துவதில்லை. மாதிரிக்கு ஒருவரைப் பார்க்க வேண்டுமா? ஆலங்குடி பஸ்ஸில் ஏறி, வழியில் வரும் மருந்தியல் கல்லூரியில் இறங்குங்கள். ஓயாமல் பேச்சுச் சத்தம் வரும் அறைதான் பேராசிரியர் ஆத்மநாதனின் ஆய்வுக்கூடம்.

புற்றுநோய் மருந்து உள்காதை எவ்வளவு கெடுக்கிறது என்று வெள்ளெலிகளை வைத்துக் கண்டுபிடிப்பது அவர் வேலை. முறை எளிது. கூண்டுக்குப் பின்னால் நின்று கை தட்ட வேண்டும். காது கேட்கிற எலிக்கு மடல் துடிக்கும், கேட்காததற்குத் துடிக்காது. சார் வெறுமனே தட்டிவிடுவாரா? செவியின் மகிமை, தாம் ஜெர்மனி போய்வந்த கதை, மருமகனின் குணம், மூன்று நாளாகத் தண்ணீர் வராத குழாய் என்று ஒரு மணி நேரம் பேசி, நடுவில் எப்போதாவது ஒரு தட்டு தட்டுவார்.

அவரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் அருணா குறிப்பேட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டினாள். மருந்து கொடுத்த எலிகளுக்குக் காது துடிக்கவில்லை, சரி. மருந்தே கொடுக்காத எலிகளுக்கும் துடிக்கவில்லை! இரண்டுக்கும் வித்தியாசம் இல்லையென்றால் மூன்று வருட உழைப்பும் குப்பைக்குத்தான். மாதக் கடைசிக்குள் முடிவைக் கொடுத்தாக வேண்டும்.

எலிகளுக்குத் தீவனம் வைக்கும் செவந்திதான் விஷயத்தைச் சொன்னாள்.

"இங்கிட்டு இருந்தா எருமை கணக்கா நிக்குதுங்கம்மா. அங்கிட்டு ஸ்டோர் ரூமுக்குத் தூக்கிட்டுப் போனா, நான் சாவியக் கீழ போட்டாக்கூட மருந்து போடாத எலிக்கெல்லாம் காது வெடுக்கு வெடுக்குங்குது. சார் பேச்சக் கேட்டுக் கேட்டு, இந்த ரூம்ல எதையும் கேக்குறதில்லைன்னு முடிவு பண்ணிருச்சுங்க."

அருணா சாரிடம் ஓடினாள்.

"சார், அந்த எலிகளுக்குக் காது நல்லாத்தான்..."

"காதுன்னதும் ஞாபகம் வருது. ஒக்காரும்மா!"

"சார், நீங்க பேசுறதுனாலதான்..."

"அதத்தான் நானும் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

நாலு நாள் முயன்றாள். ஐந்தாம் நாள் ஒரு காகிதத்தை நீட்டினாள். பேச்சை நிறுத்தாமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தம் மேசையையும் நாற்காலியையும் மாடிக்கு மாற்றச் சம்மதம் என்ற கடிதம் அது.

கீழே இருந்த எலிகள் அமைதிக்குப் பழக ஒரு வாரம் ஆயிற்று. பிறகு அருணா கை தட்டினாள். மருந்து கொடுக்காத எலிகளின் காதெல்லாம் துடித்தன. மருந்து ஏறியவை சும்மா இருந்தன. மூன்று வருடம் பிழைத்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

செய்தி கேட்டு சார் இறங்கி வந்தார். "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார். துடித்துக்கொண்டிருந்த காதுகள் அத்தனையும் அப்படியே நின்றன.

சிரிக்கிறீர்கள், சரி. வீட்டுக்குப் போனதும் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். சாவிக்கொத்தைக் கீழே போடுங்கள். எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். பிறகு வாயைத் திறந்து பேச ஆரம்பியுங்கள். யாருடைய காதாவது அசைகிறதா?