அப்பா மருந்துக் கம்பெனி முதலாளியான வெள்ளிக்கிழமை

ராகு காலத்தில் தொடங்கியதால்தான் அது சொதப்பியது என்று எங்கள் வீட்டில் இன்றும் சொல்கிறார்கள். நான் மறுக்கிறேன். சொதப்பியது நான். முழுக்க முழுக்க நான். என் உழைப்புக்கான பெயரை ராகுவுக்கு விட்டுக்கொடுக்க முடியாது.

அப்போது ஹைதராபாத் கச்சிபௌலியில் ஒரு சின்ன கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். என்னை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று அடுத்த திங்கட்கிழமை முடிவு செய்வார்கள். ஜீடிமெட்லாவில் உள்ள ஒரு மருந்துத் தொழிற்சாலையிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு லோடையும் பிளாக்செயினில் பதிவு செய்வது எங்கள் வேலை. அதில் ஏறியது ஏறியதுதான், யாராலும் அழிக்க முடியாது. பதிவு ஏறாமல் லாரி கேட்டைத் தாண்டாது.

அந்தத் தொழிற்சாலையின் கணக்கில் டிஜிட்டல் கையெழுத்துப் போடும் அதிகாரம் எனக்கும் வினய் என்பவருக்கும் இருந்தது. வினய் வேலையை விட்டுப் போய்விட்டார். அவரை நீக்கிவிட்டு மேனேஜர் ஸ்ரீகாந்தைச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். இதற்கென்று ஒரு ஏஐ கருவி இருந்தது. என்ன மாற்றம் வேண்டும் என்று பேச்சு வழக்கில் சொன்னால் போதும். அதுவே எல்லாவற்றையும் தயார் செய்து, நான் கையெழுத்திட்டதும் பிளாக்செயினுக்கு அனுப்பிவிடும்.

அந்த வெள்ளிக்கிழமை காலை நான் கிளம்பும்போதே அப்பா எச்சரித்தார். அப்பா பாதுகாப்புத் துறையில் தரப் பரிசோதனை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஹைதராபாத்துக்கு வந்து எத்தனையோ வருஷமாகியும் திருநெல்வேலியை நாக்கிலிருந்து இறக்கி வைக்காதவர்.

“ஏட்டி, பத்தரைக்கு மேல புதுசா எதையும் தொடங்காத. ராகு காலம்லா.”

ஆகவே பத்தே முக்காலுக்குத் தொடங்கினேன். (வேண்டுமென்றேதான். பத்து மணிக்கே எல்லாம் தயார். டீ குடித்துக்கொண்டு காத்திருந்தேன்.)

போன வாரம் வீட்டில் ஒரு பரிசோதனைக் கணக்கில் இதைப் பழகிப் பார்த்திருந்தேன். அதனால் கருவியிடம், “டெஸ்ட்ல பண்ணின மாதிரியே இதுலயும் பண்ணு” என்று தட்டினேன். மொத்த அதிகாரத்தையும் இன்னொருவருக்குக் கைமாற்ற முடிகிறதா என்று பார்க்க, அந்த டெஸ்ட்டில் நான் பயன்படுத்தியது அப்பாவின் போன். அது எனக்கு மறந்துவிட்டது. கருவிக்கு மறக்கவில்லை.

பாவம், அது கேட்கவும் செய்தது: “இதற்குப் பிறகு உங்களுக்கு எந்த அதிகாரமும் இருக்காது. ‘அப்பா’ என்பவருக்கு மட்டுமே இருக்கும். தொடரலாமா?” ஏதோ கேட்கிறது என்பது வரை பார்த்தேன். “ஆமா, சீக்கிரம்” என்று தட்டிக் கையெழுத்தும் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஜீடிமெட்லாவிலிருந்து போன். “மேடம், என்ட்ரி எக்கட்லேது!” (பதிவு ஏறவில்லையாம்.) சாயங்கால விமானத்தைப் பிடிக்க வேண்டிய சரக்கு. லாரிகள் கேட்டில் நிற்கின்றன.

“க்யா கர்தியே தும்?” என்று தலையில் கை வைத்தார் ஸ்ரீகாந்த். என்ன செய்துவிட்டேனா? அந்தக் கணக்கைத் திறக்கக்கூடிய ஒரே ஆள் இப்போது எங்கள் வீட்டில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“ப்பா, உங்க போன்ல ஒரு பட்டன் வரும். அமுக்குங்க, போதும்.”

“மணி என்ன?”

“பதினொண்ணு.”

“பன்னண்டுக்கு மேல அமுக்குதேன்.”

“ப்பா, நக்கோ ப்பா, வேண்டாம்! என் வேலை போயிரும்!”

“ராகு காலத்துல போனா திரும்பி வராது. பன்னண்டுக்கு மேல போனா வேற கெடைக்கும்.”

காரிடாரில் நின்று எனக்குத் தெரிந்த எல்லா மொழியிலும் கத்தினேன். ஸ்ரீகாந்த் போனைப் பிடுங்கி, “அங்கிள், ஜரா சுனோ...” என்று கெஞ்ச ஆரம்பித்தார். பேசி முடித்துத் திருப்பித் தரும்போது அவர் முகமே மாறியிருந்தது. “அங்கிள் சஹி போல்ரை” என்றார். (அப்பா சொல்வது சரிதானாம்.) அவருடைய அம்மாவும் இதையேதான் சொல்வாராம். துரோகி!

“சும்மாதான இருக்க? என்ன எழுதியிருக்குன்னு படிச்சுக் காமி,” என்றார் அப்பா. “படிக்காம நான் எதுலயும் கையெழுத்துப் போட்டது கெடையாது.”

“பழையபடி ஆக்கு” என்று கருவியிடம் சொல்லி வாங்கிய புது மாற்றத்தை வரி வரியாகப் படித்தேன்.

“இரு. வினய்ங்கிற பையன் போயிட்டான்னுதான இவ்வளவு கூத்தும்? அவன் பேரு எதுக்கு மறுபடி வருது?”

பழையபடி என்றால் வினயும்தானே வருவார்! ஸ்ரீகாந்த், நான் என்று இரண்டு பேரை மட்டும் போட்டு மறுபடி தயார் செய்தேன். பன்னிரண்டு அடித்தது. அப்பா அமுக்கினார். லாரிகள் கிளம்பின, சரக்கு விமானத்தைப் பிடித்தது.

திங்கட்கிழமை என்னை நிரந்தரமாக்கினார்கள். கூடவே, வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை ‘சிஸ்டம் மெயின்டனன்ஸ்’ என்று ஆபீஸ் காலண்டரில் ஏறியது. ஸ்ரீகாந்தின் கைவரிசை.

“பாத்தியா, பன்னண்டு வரை நிப்பாட்டுனதாலதான் தப்பிச்ச,” என்பார் அப்பா. இல்லை, படித்ததால் தப்பித்தேன். இந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. இப்போதும் வெள்ளிதோறும் பத்தே முக்காலுக்கு என் சொந்தக் கணக்கில் ஒரு மாற்றத்துக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். (முழுக்கப் படித்துவிட்டுத்தான்.) இதுவரை ஒன்றும் ஆகவில்லை. “ஒருநா ஆகும்லா,” என்கிறார் அப்பா, நம்பிக்கையோடு.

வீட்டுக்கு வருபவர்கள் யாராவது, “சார் எப்ப ரிட்டயர் ஆனீங்க?” என்று கேட்டால் போச்சு.

“எதைக் கேக்கிய? நான் ரெண்டு தடவ ரிட்டயர் ஆனவன்லா. மொதல்ல கவர்மென்ட்ல. அப்புறம் மருந்துக் கம்பெனி முதலாளியா, ஒரு வெள்ளிக்கிழம பன்னண்டு மணிக்கு.”

“ரெண்டாவதுக்குப் பென்ஷன் உண்டா?” என்று அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுப்பாள்.

உண்டு. அந்த மாதத்திலிருந்து அவர் போனுக்கு ரீசார்ஜ் செய்வது நான்தான்.