சூரன்போர் அன்று பேக்கன் என்று சொல்லலாமா, மாமி?

மேல்மாடியில் நிம்மதியாக நித்திரை கொள்ளும் அஜந்தா மாமிக்கு, கீழ்மாடியில் போர்வைக்குள் ரோர்ச் வெளிச்சத்தில் கஜேந்தினி எழுதுவது. உங்கள் முழங்கால் நலமா? இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவது வழக்கமாம். எழுதிவிட்டேன், நம்பவேண்டாம்.

மாமி, காலையில் அம்மா பள்ளிக்கூடத்துக்கு ரெலிபோன் எடுத்து எனக்குக் காய்ச்சல் என்று சொல்லப்போகிறா. எனக்கு ஒரு காய்ச்சலும் இல்லை. நாளைக்கு ஆங்கில வாய்மொழிப் பரீட்சை. இதைத் தவறவிட்டால் இந்த அரையாண்டுக்கு ஆங்கிலப் புள்ளியே கிடையாது என்று எங்கள் ஆசிரியர் கிறிஸ்ரியன் சொல்லிவிட்டார். பரீட்சைப் பொருள் இறைச்சி. இறைச்சி பற்றிய ஆங்கிலச் சொற்கள், மரபுத்தொடர்கள், அவற்றின் நோர்வேஜிய மொழிபெயர்ப்பு. நாளைக்கு எங்கள் வீட்டில் சூரன்போர், கந்தசஷ்டியின் கடைசி நாள். அம்மா பாலும் பழமுமாக விரதம் இருக்கிறா. எதற்காக? எனக்கு ஆங்கிலத்தில் உச்சப் புள்ளி கிடைக்கவேண்டும் என்று. இதை இன்னொருமுறை வாசியுங்கள், மாமி. பரீட்சைக்காக விரதம், அந்த விரதத்தால் பரீட்சைக்கே போகமுடியாது. பெரியவர்களின் மூளை இப்படித்தான் வேலை செய்கிறது.

விரதம் தொடங்கிய அன்றே சாப்பாட்டு மேசையில் இருந்து "பீஃப், ஸ்தூர்ஃபெஷொட்" என்று மாட்டிறைச்சியை இரண்டு மொழியிலும் பாடமாக்கினேன். அம்மா பால் கோப்பையை வைத்துவிட்டுத் திரும்பவும் தலை முழுகப் போனா. "சஷ்டி வீட்டிலை மச்சமாமிசத்தின்ரை பேரே எடுக்கப்படாது!" என்றா. இதே அம்மாதான் முதியோர் இல்லச் சமையலறையில் நாள் முழுக்க இறைச்சி உருண்டை பொரிக்கிறா. கேட்டேன். "அது வேலை" என்றா. அவவின் கை பொரிக்கலாம், என் வாய் சொல்லக்கூடாது. அந்த ஆங்கிலேயரையும் சொல்லவேண்டும். மாடு மேயும்போது ஒரு பெயர், சட்டிக்குள் விழுந்ததும் வேறு பெயர், செத்த மாட்டுக்கு ஏதோ பட்டம் கொடுத்ததுபோல. நோர்வேக்காரர் பரவாயில்லை, பன்றியைப் பன்றி இறைச்சி என்றே சொல்கிறார்கள். உழைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றுவதை ஆங்கிலத்தில் 'பேக்கனை வீட்டுக்குக் கொண்டுவருதல்' என்பார்களாம், பேக்கன் என்றால் உப்புப்போட்ட பன்றி இறைச்சி. நோர்வேஜியத்தில் வெறுமனே மேசையில் சாப்பாடு வைத்தல். அப்பா பேக்கனோடு வந்தால் அம்மா அப்பாவையே வீட்டுக்குள் விடமாட்டா. சரி என்று குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுப் பாடமாக்கினேன், அப்பா கதவைத் தட்டி, "என்ன பிள்ளை, வயித்தாலை போகுதோ?" என்று ஊருக்கே கேட்கும்படி கேட்டார், அம்மா மல்லித்தண்ணீர் அவித்துக் கொண்டுவந்து நான் கடைசிச் சொட்டுவரை குடிக்கும்வரை தலைமாட்டில் நின்றா, அன்றைய படிப்பு அதோடு முடிந்தது.

இன்று பின்னேரம் எல்லாமே நாசம். பரீட்சையில் என்னோடு சோடி சேரும் நோரா படிக்க வந்தாள். அம்மா சாமியறையில் விளக்கேற்றும் நேரம் பார்த்து, "ஸ்வீன் போ ஸ்கூகென்" என்று உரத்துச் சொன்னாள். காட்டில் பன்றி வைத்திருத்தல், அதாவது ஒளித்துவைத்த குற்றம். சொன்னதோடு நிற்காமல் அப்பாவைப் பார்த்து, "இரவீந்திரன், உங்களுக்கும் காட்டில் பன்றி இருக்கா?" என்று நோர்வேஜியத்தில் கேட்டாள். அப்பாவும் விரதமாம். பெற்றோல் நிலையத்தில் அவர் தின்ற சொசேஜ் எல்லாம் முகத்தில் வரிசையாகத் தெரிந்தது.

"இஞ்சேரப்பா, ஏன் முழிக்கிறியள்?" என்று அம்மா கேட்டா.

"ஒண்டுமில்லை யோகம், இருமல்."

அம்மா அப்பாவை விட்டுவிட்டு என்னைப் பிடித்தா. "நாளைக்கு நீ பள்ளிக்கூடம் போகேல்லை! சூரன்போரண்டு பண்டி, மாடு எண்டு சொல்லிப்போட்டு அந்த வாயாலை வந்து தேவாரம் பாடுவியோ?" நோரா ஜக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டே ஓடிவிட்டாள். அப்பா செய்தி பார்த்தார். வீரர்.

மாமி, எனக்கு உண்மையாகவே பயமாக இருக்கிறது. போனால் அம்மாவின் விரதம் கெட்டுவிடும், போகாவிட்டால் புள்ளி இல்லை. அம்மா இந்தக் கட்டடத்தில் பயப்படும் ஒரே ஆள் நீங்கள்தான். வேலைக்குப் போகும்போது எங்கள் கதவைத் தட்டி, சொல்வது தின்பதாகாது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்களைப் போல நாகரிகமும் அறிவும் உள்ளவர் இந்த ரொம்சோஸ் குடியிருப்பிலேயே இல்லை.

முழங்கால் நோவு மாறி, லிஃப்ட் பழுதாகாமல், நீங்கள் நீடூழி ஏறி இறங்க முருகன் துணை.

நடுக்கத்துடன்,
உங்கள் மருமகள்
கஜேந்தினி

பி.கு.: மாமி, தட்டவேண்டாம். இதை உங்கள் கதவுக்குக் கீழே தள்ள வெளிக்கிட்டபோது அம்மாவிடம் அகப்பட்டுவிட்டேன். அழுகையோடு எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா என் பாடத்தாளை வாங்கி, "விரதம் என்ரை, பாவமும் என்ரை. நான் சொல்லுறன், நீ வாயைத் திறக்காமல் கேட்டுப் பாடமாக்கு. பள்ளிக்கூடத்திலை சொன்னால் அந்தப் பாவம் கேக்கிற கிறிஸ்ரியனுக்கு" என்றா. பன்றியிலிருந்து வான்கோழிவரை விபூதி பூசிய நெற்றியோடு அம்மாவே வாசித்தா. ஒன்று மட்டும் அவவுக்கு விளங்கவில்லை: குட்டி வேடம் போட்ட கிழட்டு ஆடு. வயதுக்குப் பொருந்தாமல் இளம்பெண் மாதிரி உடுத்தித் திரிகிறவரைச் சொல்வது. நோர்வேஜிய விளக்கம் ஒரு முழ நீளம், அதனால் நான் ஓர் உதாரணம் காட்டவேண்டியதாயிற்று. உடனே விளங்கிவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா, அந்தச் சிரிப்போடுதான் என்னைப் பள்ளிக்கூடம் விடச் சம்மதித்தா. பெரியவர்களுக்கு எழுதிய கடிதத்தைக் கொடுக்காமல் விடக்கூடாது என்று இப்போது வாசலில் காவல் நிற்கிறா, அதனால் தள்ளத்தான் வேண்டும். உதாரணம் யார் என்று மட்டும் கேட்கவேண்டாம். கொஞ்ச நாளைக்கு எங்கள் வீட்டுப் பக்கம் வருவதாக இருந்தால், அந்த மினுங்கல் ஜக்கெட்டைப் போடாமல் வாருங்கள்.