வணக்கத்துக்குச் செலவான இரண்டு நிமிடங்கள்

"சார், நீங்க எழுதுனது நாலு நிமிஷம் வருது. அவங்க குடுக்குறது ரெண்டுதான்," என்றாள் சுவாதி.

செஞ்சியை அடுத்த சிங்கவரத்தின் கூலித் தொழிலாளர் சங்கச் செயலாளர் பீமாராவ் பெருமூச்செறிந்தார். வளர்ச்சி நிதி குறித்த பன்னாட்டுப் பேச்சுவார்த்தையில் மக்கள் அமைப்புகளின் சார்பாகக் காணொளியில் பேச அவருக்கு அழைப்பு வந்திருந்தது. கேட்கவேண்டியதோ ஒன்றே ஒன்று. அயல்நாட்டுக் கடனில் உயர்த்திப் போட்ட சாலை, மழைநீரை மறித்துக் காலனியின் நாற்பது வீடுகளுக்குள் திருப்பிவிடுகிறது. அச்சாலைக்கு அடியில் ஒரு சிறுபாலம் வேண்டும். அவர் தமிழில் பேசப் பேச, சங்க ஊழியரான சுவாதி ஆங்கிலத்தில் சொல்வதாக ஏற்பாடு.

வரலாற்றையும் புள்ளிவிவரத்தையும் வெட்டியதில் உரை ஒன்றரை நிமிடத்துக்குச் சுருங்கியது. அந்நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று.

விநாயகம் தம் கல்யாண மண்டபத்தைத் திறந்துவிட்டார். "ஜெனரேட்டர் இருக்குது, வா. எம்பேரை மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடு."

மண்டபம் என்றதும் கூட்டம் சேர்ந்தது. கூட்டத்தைக் கண்டு நாற்காலிகள் மேடையேறின. நாற்காலியைக் கண்டு கவுன்சிலர் இளையபெருமாள் வந்தமர்ந்தார். யாரோ பொன்னாடை வாங்க ஓடினார்.

"இன்னா நைனா, எங்க விஷயத்தை மொதல்ல சொல்லிடுவ இல்ல?" என்றார் காலனியைச் சேர்ந்த தைலம்மாள். போன மழையில் அவர் வீட்டு ரேஷன் அரிசி மிதந்திருந்தது.

"அதுக்குத்தானேம்மா இத்தினி பாடு."

சுவாதி ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு மூலையில் மடிக்கணினியின் முன் அமர்ந்தாள். திரையில் கடிகாரம் ஓடத் தொடங்கியது. பீமாராவ் மண்டபத்து மைக்கைப் பிடித்தார். எதிரே கூட்டத்தைக் கண்டதும் இருபதாண்டு மேடைப் பழக்கம் அவர் நாவைக் கைப்பற்றியது.

"பெருமதிப்பிற்குரிய மாநாட்டுத் தலைவர் அவர்களே! இருளில் ஒளியேற்றிய அண்ணன் விநாயகம் அவர்களே! வார்டின் விடிவெள்ளி கவுன்சிலர் அவர்களே!"

ஒரு பெயர் விடுபட்டால் அம்மனிதர் ஓராண்டு முகங்கொடுத்துப் பேசமாட்டார். ஆகவே வணக்கப் பட்டியலில் ஒலிபெருக்கிக்காரர் வந்தார். ஜெனரேட்டர்காரர் வந்தார். மறந்துபோன வணிகர் சங்கத் துணைத்தலைவரைக் கவுன்சிலர் சீட்டெழுதி நினைவூட்டினார்.

"இத்தருணத்தில் நான் கூற விரும்புவது யாதெனில்..."

அதற்குள் இரண்டு நிமிடம் முடிந்து, திரையில் வேறொரு நாட்டவர் பேசிக்கொண்டிருந்தார்.

கைதட்டல் பலமாகத்தான் இருந்தது. போர்த்திய பொன்னாடை ஈரத்துணிபோல் கனக்க, பீமாராவ் தைலம்மாளிடம் போய் நின்றார். எத்தனை மனுக்கள், எத்தனை ஆண்டுகள்! உலகமே காது கொடுத்த இரண்டு நிமிடங்களையும் ஊர்க்காரர்களின் முகத்துக்காகத் தொலைத்துவிட்டார்.

"மன்னிச்சுடும்மா. நாப்பது வூட்டையும் நானே முழுகடிச்சுட்டேன்."

"வுடு நைனா. தண்ணி எங்களுக்குப் புதுசா இன்னா?"

அந்த ஆறுதல்தான் அவரைச் சுட்டது. கண்களைத் துடைத்துக்கொண்டார்.

சுவாதி ஹெட்செட்டைக் கழற்றினாள்.

"எதுக்கு சார் அழுவுறீங்க? நீங்க பேசுன மைக்கு மண்டபத்துக்கு மட்டுந்தான். ஒலகத்துக்குப் போனது என் ஹெட்செட்டு. நீங்க வணக்கம் சொல்லி முடிக்கிறதுக்குள்ள நான் ரெண்டு தபா பாலத்தைக் கேட்டுட்டேன்!"